லிலியென்தாலின் கால்கள்

1

ஒட்டோ லிலியென்தால் என்ற ஜெர்மானிய எஞ்சினியர் 1891-லிருந்து 1896 வரை சுமார் 2000 தடவை குன்றுகளிலிருந்து காற்றில் இறங்கியிருக்கிறார். எஞ்சின் கிடையாது. வில்லோ மரத்தின் பிளந்த கழிகளையும் பருத்தித் துணியையும் கொண்டு கட்டிய சிறகுகள் மட்டும். அந்த 2000 தடவைகளையும் கூட்டினால் அவர் கால் தரையில் படாமல் இருந்த நேரம் சுமார் 5 மணி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு சராசரி 9 விநாடி. அவர் பறந்ததையும் பறக்க ஆயத்தமாக நின்றதையும் காட்டும் போட்டோக்கள் நூற்றுக்குச் சற்று அதிகமாக இன்று எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் நூறில் ஒரு பங்கு விநாடி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் எல்லாம் சேர்ந்து ஒன்றரை விநாடியைத் தாண்டாது. ஐந்து மணி நேரத்தில் ஒன்றரை விநாடி. அவருடைய பறத்தலில் நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது இவ்வளவுதான்.

இந்த ஒன்றரை விநாடியை எப்படிப் பார்ப்பது என்பது என் கேள்வி. கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் லிலியென்தால் விழுந்து இறந்தவர். விழுந்து இறந்தவனின் பழைய படங்களைப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் படத்தை எடுத்தாலும் அதில் அந்த வீழ்ச்சியைத்தான் அது காணும். சிறகு விரிந்திருந்தாலும் வீழ்ச்சி. அவர் தரையில் நின்று சிரித்தாலும் வீழ்ச்சி. இன்று மலை முகடுகளிலிருந்து குதிக்கிறவர்களும், கயிறில்லாமல் பாறை ஏறுகிறவர்களும், ராட்சச அலைகளின் மேல் பலகையில் நிற்கிறவர்களும் இறந்தபின் அவர்களுடைய படங்களுக்கு இதே கதிதான் நேர்கிறது. உயிரைப் பணயமாக வைக்கும் இந்த விளையாட்டுக்களுக்கெல்லாம் ஒரு மூலபுருஷனைத் தேடினால், செயல்படுகிற கணத்திலேயே படம் பிடிக்கப்பட்டவன் என்ற கணக்கில், லிலியென்தாலிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே அவருடைய படங்களைப் பார்க்கத் தெரிந்துகொள்வது மற்றப் படங்களுக்கும் உதவும்.

2

லிலியென்தால் 1848-ல் பொமரேனியாவில் அங்க்லாம் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தம்பி குஸ்தாவ் ஒரு வயது இளையவர். இருவரும் பையன்களாக இருந்தபோதே நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எதிர்க்காற்றில் கனமான உடம்போடு அது எப்படி எழும்புகிறது என்ற ஆச்சரியம் இருவருக்கும் கடைசி வரை தீரவில்லை. 1870-களில் சுழலும் கருவியொன்றின் முனையில் பல வடிவப் பரப்புகளைக் கட்டி, காற்று அவற்றை எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார்கள். தட்டையான பரப்பைவிட லேசாக வளைந்த பரப்பு அதிகம் தூக்கும் என்பது அவர்களுக்கு எண்களாகவே கிடைத்தது. பின்னர் பெர்லினில் நீராவிக் கொதிகலன் செய்கிற தொழிற்சாலையை நடத்திக்கொண்டு, தொழிலாளிகளுக்கு லாபத்தில் கால் பங்கு கொடுத்துக்கொண்டு, மீதி நேரத்தில் அந்த எண்களையெல்லாம் சேர்த்து 1889-ல், பறவைகளின் பறத்தலே பறக்கும் கலைக்கு அஸ்திவாரம் என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்கப்புறம்தான் குதித்தார். அப்போது வயது 43.

இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அளவு, புத்தகம், அப்புறம் குதித்தல். குதித்ததும்கூடப் படிப்படியாகத்தான். முதலில் தோட்டத்தில் ஒரு பலகையின் மேலிருந்து, ஆள் உயரத்துக்குக் குறைவான தூரம். பிறகு பலகையை உயர்த்தி. பிறகு 1891-ல் பொட்ஸ்டாமுக்குப் பக்கத்தில் டெர்விட்ஸ் கிராமத்து மேட்டிலிருந்து 25 மீட்டர் தூரம். 1893-க்குப் பின் ரீனோ, ஷ்டோல்ன் கிராமங்களின் குன்றுகளிலிருந்து 250 மீட்டர் வரை. 1894-ல் பெர்லினை ஒட்டிய லிக்டர்ஃபெல்டேயில் 15 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டித் தனக்கென்று ஒரு குன்றையே செய்துகொண்டார். உச்சியில் சிறகுகளை வைக்க ஒரு கொட்டகை. குன்று கூம்பு வடிவம். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை எதிர்த்து ஓடி இறங்கலாம். காற்றுக்காகக் காத்திருப்பதைவிடக் காற்றுக்குத் தோதாக மலையைச் செய்துவிடுவது ஒரு எஞ்சினியரின் புத்தி.

காமிராவும் ஏறக்குறைய அதே வருஷங்களில்தான் ஓட்டத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. 1878-ல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் ஓடுகிற குதிரையின் நாலு குளம்புகளும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்று படத்தில் காட்டினார். 1882-ல் பாரிஸில் மாரே துப்பாக்கி மாதிரி ஒரு காமிராவைச் செய்து பறவைகளைக் குறிபார்த்தார். ஜெர்மனியில் ஒட்டோமார் அன்ஷுட்ஸ் 1884-ல் நாரைகளைக் கூட்டிலும் காற்றிலும் படம் எடுத்தார். லிலியென்தால் அந்தப் படங்களை உற்றுப் பார்த்தவர். கண் பார்க்க முடியாத சிறகின் வளைவு அதில் நின்றுகொண்டிருந்தது. அன்ஷுட்ஸின் சாதனை, காமிராவுக்குள் பிளேட்டுக்கு முன்னால் ஒரு சிறு வெட்டுள்ள திரையை வேகமாக ஓடவிட்டு, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி மட்டும் வெளிச்சத்தை உள்ளே விட்டது. விநாடிக்கு 10 மீட்டர் நகர்கிற ஒரு பொருள் அந்த நேரத்தில் நகரும் தூரம் ஒரு சென்டிமீட்டர்தான். எனவே கோடுகள் கலங்காமல் நின்றன. நாரையைப் பிடித்த அதே அன்ஷுட்ஸ் சில வருஷம் கழித்து நாரையிடம் பாடம் கேட்ட மனிதனையும் பிடித்தார். சரித்திரத்தில் இப்படி ஒழுங்காகப் பொருந்துகிற விஷயங்கள் அபூர்வம்.

முதல் படங்களை எடுத்தவர் அன்ஷுட்ஸ் அல்ல. 1891-ல் டெர்விட்ஸ் மேட்டில் படம் எடுத்தவர் கார்ல் காஸ்னர் என்ற வானிலை ஆய்வாளர். காற்றைவிடக் கனமான ஒரு கருவியில் மனிதன் பறப்பதைக் காட்டும் முதல் படங்கள் அவை. பிறகு அலெக்ஸ் க்ராயெவ்ஸ்கி, வைத்தியரான ரிச்சர்ட் நாய்ஹவுஸ், கடைசியாக அமெரிக்க பௌதிக விஞ்ஞானி ராபர்ட் வுட். இத்தனை பேரைத் தன்னைச் சுற்றிக் காமிராவோடு நிற்கவிட்டது வெறும் புகழாசை என்று சொல்லிவிட முடியாது. பறந்தேன் என்று சொன்னவர்கள் அவருக்கு முன்பும் நிறைய. செதுக்குச் சித்திரங்களில் சிறகு கட்டிய மனிதர்கள் ஏராளமாகப் பறந்துகொண்டிருந்தார்கள். சித்திரத்தை யார் வேண்டுமானாலும் பறக்கவைக்கலாம். போட்டோவுக்கு முன்னால் ஒருவன் உண்மையாகவே காற்றில் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில்தான் போட்டோவைப் புள்ளிகளாக்கிப் பத்திரிகையில் அச்சடிக்கும் ஹாஃப்டோன் ப்ளாக் பரவிக்கொண்டிருந்தது. 1894-ல் அமெரிக்காவின் மெக்ளூர்ஸ் பத்திரிகை அவரைப் பற்றிய கட்டுரையைப் படங்களோடு போட்டது. தன் கட்டுரைகளோடு அவரும் படங்களைச் சேர்த்தே அனுப்பினார். லிலியென்தாலின் பறத்தல் கடல் தாண்டியது அந்த ப்ளாக்குகளின் மேல் ஏறித்தான்.

3

இனி படங்கள்.

எந்தப் படத்தை எடுத்தாலும் பார்வை முதலில் சிறகுக்குத்தான் போகும். வௌவாலின் இறக்கை மாதிரி, மையத்திலிருந்து விரியும் கழிகள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய துணி, பின்னால் ஒரு வால். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது துணி ஊடுருவித் தெரிகிறது. கழிகள் எலும்புகளைப் போல் கறுத்து நிற்கின்றன. அழகான பொருள். ஸ்திரமான பொருள். அது அசையவே இல்லை என்று தோன்றும். ஆகாயத்தில் ஆணியடித்து மாட்டினாற்போல இருக்கும். இந்த அழகுதான் நம்மை ஏமாற்றுகிறது. மிதத்தல் என்றால் காற்றின் மேல் படுத்துக்கொள்வது, தன்னை ஒப்புக்கொடுத்துவிடுவது என்கிற கவித்துவமான கற்பனை இந்தச் சிறகிலிருந்துதான் வருகிறது.

சிறகிலிருந்து பார்வையைக் கீழே இறக்க வேண்டும். அங்கே கால்கள் தொங்குகின்றன.

அந்தக் கால்கள் அழகாக இல்லை. ஒரு படத்தில் இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன, நாற்காலியில் இருந்து வழுக்கி விழப்போகிறவனைப் போல. இன்னொன்றில் இடது பக்கமாக ஒதுங்கிக் கிடக்கின்றன. வேறொன்றில் முழங்கால்கள் மடங்கி, பாதங்கள் பின்னால். ஒரு படத்தின் கால்கள் இன்னொரு படத்தில் திரும்ப வருவதில்லை. சிறகு எல்லாப் படத்திலும் ஒன்று போலவே இருக்க, கால்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

காரணம் ரொம்ப ஸ்தூலமானது. லிலியென்தாலின் க்ளைடருக்குச் சுக்கான் கிடையாது. சிறகைத் திருகவோ மடக்கவோ வழி இல்லை. அவர் இரண்டு முன்கைகளையும் சட்டத்தில் உள்ள மெத்தை வைத்த வளையங்களில் நுழைத்து, கட்டையைப் பிடித்துக்கொள்வார். மார்பும் தோளும் சட்டத்தோடு ஒன்றிவிடும். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் சுதந்திரம். கருவியின் எடை சுமார் 20 கிலோ, அவர் எடை அதைப் போலப் பல மடங்கு. எனவே அவர் கால்களை எங்கே கொண்டுபோகிறாரோ அங்கே மொத்தத்தின் பாரமும் கொஞ்சம் நகரும். வலது சிறகு மேலே எழும்பினால் கால்களை வலது பக்கம் வீச வேண்டும். மூக்கு தூக்கினால் கால்களை முன்னால் தள்ள வேண்டும். மூக்கு சாய்ந்தால் பின்னால். இறங்கும்போது உடம்பைப் பின்னுக்கு இழுத்து, சிறகை நிமிர்த்தி, காற்றையே பிரேக்காக வைத்துப் பறவை மாதிரி நிற்க வேண்டும்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. இடது சிறகு தாழ்ந்து தரை நெருங்கும்போது பழகாதவனின் கால்கள் தானாகவே தரையைத் தேடி இடது பக்கம்தான் போகும். விழுகிறவன் விழுகிற பக்கத்தில் ஊன்றத்தான் பார்ப்பான். அப்படிப் போனால் பாரமும் அங்கே போய், சிறகு இன்னும் தாழும். சரியான செய்கை இயல்பூக்கத்துக்கு நேர் எதிரானது. தரையை விட்டு விலகி, எழும்பி நிற்கிற சிறகை நோக்கிக் கால்களை எறிய வேண்டும். அதுவும் யோசிக்க நேரமில்லாத விநாடியில். எலும்புக்குள் ஊறிப்போன பயத்தை வேறொரு பழக்கத்தால் இடம்பெயர்க்க வேண்டும். இதற்குத்தான் 2000 தடவை.

ஆக, படத்தில் கோணலாகக் கிடக்கிற ஒவ்வொரு காலும் ஒரு பிழையை அப்போதே திருத்திக்கொண்டிருக்கிற கால். காற்று ஒன்று சொன்னது, உடம்பு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. சிறகு ஸ்திரமாகத் தெரிவது கால்கள் ஸ்திரமில்லாமல் இருப்பதால்தான். அழகைச் சிறகு எடுத்துக்கொண்டது. உழைப்பைக் கால்கள் எடுத்துக்கொண்டன. கலை பற்றி யோசிக்கிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ஆனாலும் இவ்வளவு பச்சையாக, ஒரே பிளேட்டில், இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துக் காட்டிய படங்கள் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

4

இதை விளையாட்டு என்று சொல்லலாமா? லிலியென்தாலே சொன்னார். பறத்தல் முதலில் ஒரு விளையாட்டாக, தேகப்பயிற்சியாகப் பரவ வேண்டும் என்பது அவர் எண்ணம். வாலிபர்கள் குன்றுகளில் கூடிப் போட்டியிட்டால், அந்தப் போட்டியிலிருந்தே கருவியும் திறனும் வளரும். எதிர்காலத்தின் பறக்கும் எந்திரத்தை ஒரு தனி மேதை அறைக்குள் உட்கார்ந்து கண்டுபிடிப்பான் என்று அவர் நம்பவில்லை. பலர் குதித்துக் குதித்துத்தான் அது வரும். இதற்காகவே ஒரு க்ளைடரை மாதிரியாக நிர்ணயித்து, தொழிற்சாலையில் செய்து, 500 மார்க் விலைக்கு விற்றார். உலகத்தில் வரிசையாகச் செய்து விற்கப்பட்ட முதல் பறக்கும் கருவி அது. வாங்கியவர்களில் ரஷ்ய விஞ்ஞானி ஷுகோவ்ஸ்கி உண்டு, அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் உண்டு, பிரிட்டனின் பெர்சி பில்ச்சர் உண்டு. பில்ச்சர் 1899-ல் தன் சொந்த க்ளைடரிலிருந்து விழுந்து இறந்தார்.

லிக்டர்ஃபெல்டே குன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்லின்வாசிகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சில படங்களில் அவர்களும் இருக்கிறார்கள், தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தியபடி. அவர்கள் நடுவில் தாடி வைத்த, நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர். உடையும் விளையாட்டு உடைதான். கம்பளிச் சட்டை, முழங்காலோடு நிற்கிற காற்சட்டை. முழங்காலில் மெத்தை வைத்துத் தைத்திருக்கும். விழுவோம் என்று தெரிந்து தைத்த மெத்தை. க்ளைடரின் முன்னால் வளைத்துக் கட்டிய வில்லோக் கழி ஒன்றும் இருந்தது. முகம் குப்புற விழுந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும். 1894-ல் ஒரு தடவை அந்தக் கழி உடைந்து அவர் பிழைத்தார். இந்த மெத்தையையும் கழியையும் தியாகிகளின் சரித்திரத்தில் சேர்க்க முடியாது. சாகத் துணிந்தவன் முழங்காலுக்கு மெத்தை தைப்பதில்லை.

இன்றைய சாகஸக்காரர்களிடமும் இதுவேதான். 1978-ல் எல் காப்பிட்டான் பாறை முகட்டிலிருந்து பாராசூட்டோடு குதிப்பதைப் படமெடுத்து அந்த விளையாட்டுக்கு உருவம் கொடுத்த கார்ல் போயெனிஷ் ஒரு எஞ்சினியர். காமிராவைத் தலைக்கவசத்தில் பொருத்திக்கொண்டு குதித்தவர். 1984-ல் நார்வேயின் ட்ரோல் சுவரில் இறந்தார். லிலியென்தால் காலத்தில் தரையில் நின்ற காமிரா இப்போது விழுகிறவன் தலைமேல் ஏறிவிட்டது. அதனால் பள்ளத்தாக்கு கிடைத்தது, வேகம் கிடைத்தது. தூரத்தில் நின்று ஒரு உடம்பு முழுவதையும் பார்க்கிற பார்வை போயிற்று. ஒருவனுடைய கால்களைப் பார்க்க இன்னொருவன் தரையில் நிற்க வேண்டியிருக்கிறது.

5

1896 ஆகஸ்ட் 2-ந்தேதி வுட் சில படங்கள் எடுத்தார். அன்று அவரும் சில தடவை குதித்துப் பார்த்தார். லிலியென்தால் தலைக்கு மேலே கடந்தபோது இழுத்துக் கட்டிய கயிறுகளில் காற்று ஒலித்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். எந்தப் படத்திலும் வராத ஒன்று அந்த ஒலி. ஆகஸ்ட் 9, ஞாயிறு, ஷ்டோல்ன் கிராமத்துக் கோலன்பெர்க் குன்றிலிருந்து லிலியென்தால் இறங்கும்போது வெயிலில் சூடேறி எழுந்த காற்று க்ளைடரைத் தூக்கி நிறுத்தியது. வேகம் போயிற்று. மூக்கைத் தாழ்த்த அவர் உடம்பை முன்னால் வீசி முயன்றார் என்பது அருகிலிருந்த அவருடைய மெக்கானிக் பவுல் பைலிக் மூலம் தெரிகிறது. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் ரயிலில் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். அன்றே இறந்தார். மனைவி ஆக்னெஸ், நாலு குழந்தைகள். அவர் விழுந்ததைக் காட்டும் படம் இல்லை. உடைந்த க்ளைடரின் படம் இருக்கிறது.

இதற்குப் பிறகு வுட்டின் படங்களைப் பார்க்கிறவன் என்ன பார்ப்பான்? இன்னும் ஏழு நாள் என்றுதான் பார்ப்பான். ரொலான் பார்த் 1980-ல் வெளியான தன் கடைசிப் புத்தகத்தில் போட்டோவின் சாரமே இதுதான் என்கிறார். தூக்குக்குக் காத்திருக்கும் ஒரு இளைஞனின் 1865-ஆம் வருஷப் படத்தை எடுத்துக்கொண்டு, அவன் இறந்துவிட்டவன், அதே சமயம் இறக்கப்போகிறவன், இரண்டு காலங்களும் ஒரே முகத்தில் மோதுகின்றன என்று வாதிக்கிறார். அசையாமல் காமிராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு இது பொருந்துகிறது. அவனுக்கு அந்தக் கணத்தில் செய்ய ஏதும் இல்லை, காத்திருப்பது தவிர. லிலியென்தாலின் படங்களுக்கு இதைப் பொருத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே இருக்கிறவன் காத்திருக்கவில்லை. அவன் கால்களுக்கு வேலை இருக்கிறது. பார்வையாளன் தனக்குத் தெரிந்த முடிவை அந்தக் கால்களின் மேல் ஏற்றிவைத்தால், பார்க்கப்படுவது படம் அல்ல, பார்வையாளனின் சோகம். அந்தச் சோகம் சுகமானதும்கூட. அதனால்தான் விடமுடிவதில்லை.

இந்தச் சுகத்தைத் தேசங்களும் அனுபவிக்கின்றன. 1914-ல், உலக யுத்தம் மூண்ட அதே வருஷம், லிக்டர்ஃபெல்டேயில் லிலியென்தாலுக்கு ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். மேலே நிற்பது தாடிக்காரர் அல்ல, சிறகு கட்டிய ஒரு கிரேக்க இளைஞன் சாயலில் ஒரு உருவம். இக்காரஸ். முழங்கால் மெத்தை இல்லாத, முதுமை தொடாத உடம்பு. சூரியனை நோக்கிப் போய் உருகி விழுந்தவனின் கதையைத் தூக்கி, 250 மீட்டர் தூரத்தைத் தன் லட்சியமாக வைத்து அளந்து அளந்து போனவரின் தலையில் வைத்தாயிற்று. இக்காரஸ் ஒரே ஒரு தடவை பறந்தான். இந்த வித்தியாசமே போதும். அவருடைய கல்லறைக் கல்லில் பொறித்திருக்கும் வாசகமும் இந்த வகைதான். தியாகங்கள் செய்தாக வேண்டும் என்று சாகும்போது அவர் சொன்னதாக ஐதீகம். அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஆதாரம் பலவீனம் என்று சரித்திரக்காரர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அந்தச் சொற்கள் எவ்வளவு பிரயோஜனமானவை! யுத்தத்துக்கு ஆள் அனுப்புகிற எந்த அரசும் அவற்றை உபயோகிக்கலாம்.

லிலியென்தால் சந்தேகத்துக்கிடமில்லாமல் எழுதியது வேறு. 1894 ஜனவரியில் மோரிட்ஸ் ஃபான் எகிடி என்ற சமூக சீர்திருத்தவாதிக்கு ஒரு கடிதம். மனிதன் தாராளமாகப் பறக்கக் கற்றுக்கொண்டால் தேச எல்லைகளுக்கு அர்த்தம் போய்விடும், எல்லைகளைக் காவல் செய்ய முடியாது, யுத்தம் அபத்தமாகி மனிதர்கள் தகராறுகளை வேறு வழியில் தீர்த்துக்கொள்ள வேண்டிவரும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. நம்பிக்கை பொய்த்தது என்பதை இருபது வருஷத்துக்குள் ஐரோப்பாவின் ஆகாயம் காட்டிவிட்டது. பொய்த்த நம்பிக்கை என்றாலும் அது அவருடையது. கல்லறை வாசகம் மற்றவர்களுடையது.

6

அவருடைய படங்களையும் எண்களையும் சரியாகப் படித்தவர்கள் என்று நான் நினைப்பது ரைட் சகோதரர்களை. லிலியென்தால் இறந்த செய்தியை 1896-ல் பத்திரிகையில் படித்துத்தான் அவர்களுடைய ஈடுபாடு தீவிரமானது. ஆனால் 1901-ல் சிக்காகோவில் எஞ்சினியர்கள் முன் பேசிய வில்பர் ரைட் அந்த மரணத்தைப் பற்றி உருகவில்லை. கணக்குப் போட்டார். ஐந்து வருஷத்தில் லிலியென்தால் காற்றில் கழித்தது சுமார் 5 மணி நேரம்தான். இவ்வளவு சொற்பப் பழக்கத்தில் இவ்வளவு செய்தது ஆச்சரியம் என்பது அவர் வாதத்தின் சாரம். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறவனுக்கே அதைவிட அதிக நேரம் வேண்டியிருக்கும். ஆகவே இன்னும் அதிக நேரம் காற்றில் இருக்க ஒரு வழி வேண்டும் என்று அவர் போகிறார். இறந்தவனுக்குச் செய்யத்தக்க மரியாதை இது. அவன் நிறுத்திய இடத்தில் கணக்கை எடுத்துக்கொள்வது. 1912-ல், தானும் இறப்பதற்குச் சற்று முன், வில்பர் லிலியென்தாலைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையிலும் இதே நிதானம்தான்.

ரைட் சகோதரர்கள் கண்டுகொண்ட இன்னொன்று, கால்களுக்கு ஒரு எல்லை உண்டு என்பது. காற்று பலமாகத் தூக்கினால் உடம்பின் பாரத்தை நகர்த்தி ஈடுகட்ட முடியாது. சிறகையே திருக வேண்டும். அவர்கள் திருகினார்கள். 1903 டிசம்பர் 17-ந்தேதி கிட்டி ஹாக் கடற்கரையில் ஜான் டேனியல்ஸ் எடுத்த அந்தப் பிரசித்தமான படத்தை இப்போது திரும்பப் பார்க்கலாம். ஆர்வில் ரைட் கீழ்ச் சிறகின் மேல் குப்புறப் படுத்திருக்கிறார். தொங்குகிற கால்கள் இல்லை. திருத்துகிற வேலையை இடுப்புத் தொட்டிலும் கம்பிகளும் எடுத்துக்கொண்டுவிட்டன. அதற்குப் பின் விமானத்தின் படங்களில் மனிதன் படிப்படியாக உள்ளே போய்விடுகிறான். முதலில் தலை மட்டும் தெரிகிறது, பிறகு கண்ணாடிக்குப் பின்னால் நிழல், பிறகு அதுவும் இல்லை. ஒரு மனித உடம்பு தன் பிழைகளை எல்லோருக்கும் தெரியும்படி திருத்திக்கொண்டு பறந்தது அந்த ஐந்தாறு வருஷம்தான். 1960-களிலும் 70-களிலும் ஹாங் க்ளைடர் வந்தபோது அந்த உடம்பு மறுபடி வெளியே வந்தது. குன்றிலிருந்து ஓடி இறங்கி, சிறகுக்குக் கீழே தொங்கி, பாரத்தை நகர்த்தித் திருப்புகிற வித்தை. அதுவும் விளையாட்டாகவே வந்தது என்பது லிலியென்தாலுக்குச் சந்தோஷம் தந்திருக்கும்.

2016-ல் ஜெர்மன் விண்வெளி மையத்தினர் அவருடைய க்ளைடரை அதே மாதிரி மறுபடி கட்டி, காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அது ஸ்திரமாகப் பறக்கக்கூடிய கருவிதான், விபத்துக்கு அதன் அமைப்பைக் குறைசொல்ல முடியாது என்பது முடிவு. இதற்கு முன்னால் ஷ்டோல்ன் கிராமத்தார் வேறு விதமாக அவரை நினைவுகூர்ந்தார்கள். 1989 அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியின் இல்யூஷின் 62 ஜெட் விமானம் ஒன்று அந்தக் குன்றை ஒட்டிய புல்வெளியில், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குள், இறக்கி நிறுத்தப்பட்டது. அதற்கு ‘லேடி ஆக்னெஸ்’ என்று பெயர். சில வாரங்களில் பெர்லின் சுவர் விழுந்தது. எல்லைகளைப் பற்றிய அந்தக் கடிதத்தை யாரும் அப்போது நினைத்திருப்பார்களா தெரியாது. விமானம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

பிரம்மாண்டமான அந்த விமானத்தைவிட எனக்கு அந்தக் கோணல் கால்களே போதும். இடது பக்கம் ஒதுங்கிக் கிடக்கிற அந்தப் படம். சிறகு அதற்கப்புறம் நேரானதா என்று படம் சொல்லாது. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கு அடுத்தது தெரியாது. ஆனால் அவர் இறங்கியிருக்கிறார், 20 கிலோ சிறகைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடி குன்றேறியிருக்கிறார் என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஏனென்றால் அடுத்த படம் இருக்கிறது. அதில் கால்கள் வலது பக்கம்.